அண்ணி சொல்லாமல் வைக்கும் போன்

என் அன்பு அண்ணா,

ஹாங்காங்கில் இருக்கும் உன் மனைவிக்காக நான் அவள் பாஷையான கான்டனீஸ் படிக்கிறேன். சிரிக்காதே. ஆவடியில் ரயில் ஏறினால் அம்பத்தூர் வரும்வரை காதில் அந்தப் பாடம்தான், வாயும் கூடவே முணுமுணுக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூக்காரம்மா, "இன்னாமே, மந்திரமா சொல்லிகினு வர்ற?" என்று கேட்டாள்.

நீ இருந்தபோது, "நாலு வார்த்தையாவது கத்துக்கோடி, அண்ணி உங்கிட்ட பேச ஆசைப்படுறா" என்று கெஞ்சினாய். "அவங்கதானே நம்ம ஊட்டுக்கு வந்தாங்க, அவங்க கத்துக்கட்டும்" என்றேன். அவளும் கற்றுக்கொண்டாள். என் திமிரை என்ன சொல்ல?

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பருத்திப்பட்டு வீட்டு வாசலில் பெட்டியோடு நின்றாள். எல்லோரையும் கும்பிட்டு, "போயிட்டு வரேன்" என்றாள். கிளம்பும்போது வெறுமனே 'போறேன்' என்று சொல்லக்கூடாது என்று நீ பழக்கியது. சாவு வீட்டில் அதையும் சொல்லாமல்தான் போக வேண்டும் என்பதை நீ சொல்லித்தரவில்லை. அது உன் சாவிலேயே தேவைப்படும் என்று உனக்கு எப்படித் தோன்றியிருக்கும்?

"அய்யய்யோ, சாவு ஊட்ல இன்னா சொல்லுது பாரு!" என்றாள் எதிர்வீட்டு அக்கா. எல்லோர் முன்னாலும் அண்ணியின் கையைத் தட்டிவிட்டு, "சொல்லாதீங்க! போங்க!" என்று கத்தினேன். காரணத்தை விளக்க அவள் பாஷையில் என்னிடம் வார்த்தை இல்லை, அண்ணா. முகம் செத்துப்போய்க் காரில் ஏறினாள்.

அன்றிலிருந்து போனில்கூட அவள் சொல்லிக்கொள்வதில்லை. பேச்சு முடிந்ததும் சட்டென்று வைத்துவிடுகிறாள். நம் வீட்டில் அதுதான் வழக்கம் என்று நினைத்துவிட்டாளா? இல்லை, இனி வரவே வேண்டாம் என்று நான் விரட்டியதாகவா?

போன வாரம் அவளிடம், "சிக் ச்சோ ஃபான் மேய் ஆ?" என்றேன். 'சாப்பிட்டாச்சா?' என்று அர்த்தம். அங்கேயும் பார்த்தவுடன் இதைத்தான் கேட்பார்களாமே! அண்ணி, "சாப்பிட்டேன். நீ?" என்று தமிழில் கேட்டு அழுதாள். நானும் அழுதேன். மன்னிப்புக் கேட்கப் படித்து வைத்திருந்த வரி மட்டும் வெளியே வரவில்லை. அன்றும் சொல்லாமல்தான் வைத்தாள்.

இந்த வாரப் பாடம் 'ஃபான் லய்', திரும்பி வா. வீட்டுக்குப் போக, வேலைக்குப் போக, தனக்கென்று இருக்கிற இடத்துக்குப் போக, எல்லாவற்றுக்கும் அந்த 'ஃபான்' வருகிறது; சாப்பாட்டு 'ஃபான்' வேறு, அதன் ராகம் வேறு.

சத்தியமாகச் சொல்கிறேன். முதலில் மன்னிப்புக் கேட்பேன். உன் வருஷத் திதிக்குக் கூப்பிட்டு, பத்து நாள் தங்க வைப்பேன். கிளம்பும் அன்று அதே வாசலில், எதிர்வீட்டு அக்கா காதில் விழுகிற மாதிரி, அவள் "போயிட்டு வரேன்" என்று சொல்லட்டும். நான், "ஃபான் லய், அண்ணி" என்பேன்.

உன் தங்கச்சி,
அண்ணிக்கு இப்போதுதான் நாத்தனார் ஆகிறவள்