சீனியருக்கு எள்ளும் தண்ணீரும்

பிரியமுள்ள அப்பா,

தெரிந்துதான் செய்தீர்களா? இதற்கு என்னிடம் பதில் இல்லை. இனிக் கிடைக்கப்போவதும் இல்லை. ஆனால் உங்கள் தலைத்திவசம் முடிந்துவிட்டது, நாளை மகாளய அமாவாசை. தம்பி செந்தில் முதல் முறையாக உங்கள் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடப்போகிறான். அதற்குள் நான் ஒரு முடிவு சொல்ல வேண்டும்.

எடிசன் நகருக்குச் சற்றுத் தள்ளி நாங்கள் வாங்கிய இந்தப் பழைய வீட்டுக்கு நீங்கள் வந்து சேர்ந்தபோதே, நூறு வருஷத்துக்கும் முன்னால் இதைக் கட்டி மறைந்தவரோடு ஒட்டிக்கொண்டீர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குச் சிப்பாயாகப் போய், ஒரு காது கேட்காமல் திரும்பி, சட்டம் படித்து, மாநில சட்டமன்றம் வரை போனவர். நீங்களும் ராணுவத்திலிருந்து வந்து வக்கீலானவர். வார்டு தேர்தலில் டெபாசிட் போனவர். "நம்ம சீனியர் ஒரு எலெக்‌ஷன்ல கூடத் தோக்கலம்மா" என்பீர்கள், கொஞ்சம் பொறாமையோடு. மாடிப்படி கிறீச்சிட்டால், "சீனியர் கோர்ட்டுலேர்ந்து வந்துட்டாரு."

தெருக்கோடி தேவாலயத்தில் அவர் கல்லறை. பிள்ளை குட்டி இல்லாதவர், பார்க்க ஆளில்லை. நீங்கள்தான் களை பிடுங்கினீர்கள். எதிரே பெஞ்சு இருந்தும் நின்றுகொண்டே இருப்பீர்கள். "சீனியர் முன்னாடி ஜூனியர் உக்காரலாமா?" வருஷா வருஷம் மகாளயத்தில், குருமார்களுக்கான இடத்தில் அவர் பெயரையும் சொல்லித் தண்ணீர் விட்டீர்கள்.

போரில் செத்தவர்களின் மனைவிகளுக்காக அவர் பீஸ் வாங்காமல் வாதாடிய கதையைச் சாப்பாட்டு மேசையில் எத்தனை முறை சொன்னீர்கள். இன்னொரு பாதியைச் சொல்லவில்லை. உங்கள் நினைவாக அவரைப் பற்றி நாலு பக்கம் எழுதலாம் என்று நூலகத்துக்குப் போனேன். பழைய செய்தித்தாளில் அவருடைய சட்டமன்றப் பேச்சு இருந்தது. சலவை வேலைக்கு வந்த சீனர்களை முன்வைத்து, ஆசியாக்காரர் எவரும் இங்கே நிலம் வாங்கக் கூடாது, குடும்பத்தைக் கூட்டிவரக் கூடாது என்கிறார். நிதானமான, நல்ல வக்கீல் பேச்சு.

படித்துவிட்டு வந்து, அவர் கட்டிய சமையலறையில் காபி போட்டேன். எனக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. மரம் குளிரில் சுருங்கும், வெயிலில் விரியும். ஆனாலும் இப்போதெல்லாம் படி கிறீச்சிட்டால் நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

அதே நூலகத்தில்தான் நீங்களும் உட்கார்ந்து படித்தீர்கள். கேஸ் கட்டை முழுதாகப் படிக்காமல் கோர்ட் படி ஏறக் கூடாது என்று எங்களுக்குச் சொன்னவர். அந்தப் பக்கம் மட்டும் உங்கள் கண்ணில் படாமல் போனதா?

இன்று மத்தியானம் செந்தில் இர்விங்கில் அவன் வீட்டிலிருந்து கூப்பிட்டான்.

"அக்கா, சீனியர் பேரைச் சொல்லணுமா வேண்டாமா? ஐயர் நாளைக்குக் காலைல ஜூம்ல வந்துடுவாரு. அப்புறம் எனக்கு ஆபீஸ் மீட்டிங்."

"அவர் என்ன பேசினாருன்னு சொன்னேன்ல?"

"சொன்ன. அப்பா தெரிஞ்சே பண்ணிருந்தா?"

"தெரியாம பண்ணிருந்தா?"

"வக்கீல் பொண்ணுன்னு ப்ரூவ் பண்ற. சாமியே கும்பிட மாட்ட, இதுக்கு இவ்ளோ ஆர்க்யூமென்ட்."

வேண்டாம், சொல்லாதே என்றேன். கேட்டுக்கொண்டிருந்த உங்கள் பேத்தி, "தாத்தா லைக்ட் ஹிம், அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடியேறினாள். படி கிறீச்சிட்டது.

இதுவரை நேற்று எழுதியது. இன்று நடந்தது இது.

செந்தில் பால்கனியில் தாம்பாளத்தோடு உட்கார்ந்தான். நான் இங்கிருந்து போனில் பார்த்தேன். உங்கள் பெயரைச் சொல்லித் தண்ணீர் விட்டான். குருமார்கள் முறை வந்தது. "வேற யாராவது உண்டா?" என்று ஐயர் கேட்டார். செந்தில் திரையைப் பார்த்தான். நான் வேண்டாமென்று தலையாட்டினேன். "இல்ல சாமி" என்றான்.

கடைசித் தண்ணீருக்கு எள்ளை எடுக்கச் சொன்னார் ஐயர். "தாயார், தகப்பனார், பந்துக்கள்னு யாருமே இல்லாம போனவா எல்லாருக்கும் இது."

செந்திலின் கை நின்றுவிட்டது. "அக்கா, இதுல அவரும் வந்துடுவாரே. என்ன பண்ணட்டும்?"

ஐயருக்கு எங்கள் வழக்கு தெரியாது. "இதுல ஒருத்தரை மட்டும் வராதேன்னு சொல்ல முடியாதுப்பா. விடு."

செந்தில் கையைச் சாய்த்தான்.

சாயங்காலம் கல்லறைக்குப் போனேன். ஒரு வருஷத்துக் களை, அவர் பெயரையே மறைத்திருந்தது. பிடுங்கினேன். பிறகு அந்தப் பெஞ்சில், அவருக்கு எதிரே, இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன்.

அப்பா, அடுத்த மகாளயத்திலும் அவர் பெயரைச் சொல்லச் சொல்ல மாட்டேன். அந்தக் கடைசித் தண்ணீரைத் தடுக்கவும் மாட்டேன். களையைப் பார்த்துக்கொள்கிறேன்.

உங்களுக்கு ஜூனியராக வர மறுத்த மகள்