கமாவுக்குப் பின்னால் இருக்கும் வீடுகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மழையில் மலையேறாதீர்கள் என்றால் கேட்கவா போகிறீர்கள்!

இங்கே ஒரு சின்னச் சண்டை. பயப்படாதீர்கள், வேலை போகவில்லை. மண்சரிவு நிவாரணப் பட்டியலை எங்கள் கம்பெனிதான் தயாரிக்கிறது. முகவரியை முதல் கமா வரை மட்டும் வெட்டியெடுத்து, அது ஒன்றாக இருந்தால் ஒரே குடும்பம் என்று கணக்கெடுக்கும்படி கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதியிருந்தார்கள். நம் முகவரியில் கமாவுக்கு முன்னால் இருப்பது தோட்டத்தின் பெயர்தானே? அறுபத்திரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே நிவாரணப் பொதி!

"எஸ்டேட் அட்ரஸெல்லாம் ஒன்னுதானம்மா, விட்டுரு" என்றார் மேலாளர், தோட்டத்தில் வாழ்ந்தறியாத ஹட்டன் கடைவீதிக்காரர்.

"வந்து எங்க தோட்டத்துல எத்தனை அடுப்பு எரியுதுன்னு எண்ணிப் பாருங்க சார்" என்றேன்.

நம் வரிசை வீடுகளைச் சொல்லும் 'லயம்' என்ற சொல் எங்கே வருகிறதென்று தேடி, அதன் முன்னும் பின்னும் உள்ள எண்களையும் எடுக்கும்படி நானே மாற்றினேன். அறுபத்திரண்டு குடும்பங்களும் பட்டியலுக்குத் திரும்பி வந்தன. கேட்காமல் மாற்றியதற்கு மேலாளர் விளக்கக் கடிதம் கேட்டார். கொடுத்துவிட்டேன். அதில் 'மன்னிப்பு' என்ற சொல்லை எங்கே தேடினாலும் கிடைக்காது.

அப்பாவிடம் நம் கதவில் வீட்டு எண்ணைப் பெரிதாகப் பெயின்டில் எழுதச் சொல்லுங்கள். போட்டோ அனுப்புங்கள். கதவோரம் நீங்களும் நில்லுங்கள், பார்த்து எட்டு மாதமாகிறது.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்
யோகிதா,
ஏழாம் லயம், மூன்றாம் வீடு.