தானா இறங்கிய இனிப்பு

என் ஆசைப் பெரியண்ணே,

அங்க மேலுலகத்துல உங்களுக்கு ஊசியும் இல்ல, பத்தியமும் இல்ல, நிம்மதியா இருப்பீங்க. நான்தான் இங்க ஈப்போவுல யாரையும் நம்பாம அலையுறேன். நல்ல சேதின்னு யாராவது வாயைத் திறந்தாலே, அதுல எங்க தப்புன்னு தேட ஆரம்பிச்சுடுறேன்.

நம்ம தம்பி குமார் போன மாசம் வீட்டுக்கு வந்தான். வந்ததும் வராததுமா விரலைக் குத்தி, மெஷின்ல எண்ணைக் காட்டுறான். "பாருக்கா, இனிப்பு நீர் தானா இறங்கிடுச்சு லா! இன்சுலினைக்கூடப் பாதியாக்கிட்டேன். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கப் போறேன்." அவன் பொண்டாட்டி சந்தோஷத்துல கண்ணைத் துடைச்சுக்கிறா. எனக்கு உங்க ஞாபகம்தான் வந்துச்சு.

நீங்களும் இப்படித்தானே அண்ணே குதிச்சீங்க? பழைய தோட்டத்து ஆளு குடுத்த பொடிதான் இனிப்பை இறக்குச்சுன்னு பார்க்கிறவங்ககிட்டயெல்லாம் சொன்னீங்க. வேண்டுதல்னு பால்குடமும் தூக்குனீங்க. முகம் வெளுத்து மூச்சு வாங்கினப்போ விரதத்து மேல பழியைப் போட்டீங்க. உடம்பு அரிச்சா, பொடி வேலை செய்யுதுன்னீங்க. ரத்தக் கொதிப்பு ஏறினதுக்கு? நான் நோண்டி நோண்டிக் கேட்குறதாலதான் ஏறுதாம்! அந்தப் பொடியில என்னதான் இருந்துச்சு அண்ணே? இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.

உங்களை டயாலிசிஸ்ல படுக்க வச்ச அப்புறம்தான் டாக்டரம்மா விளக்கிச் சொன்னாங்க. போட்ட இன்சுலினைக் கழிச்சு விடுறதுல கிட்னிக்கும் பங்கு இருக்காம். அது சோர்ந்து போனா மருந்து உடம்புலயே தங்கி இனிப்பை இறக்கிடுமாம். உப்பும் தண்ணியும் வெளியேறாம கொதிப்பு ஏறும், காலும் வீங்கும். ரத்தம் ஊறச் சொல்லுற ஹார்மோனும் கொறைஞ்சு போகும், அதான் அந்த வெளுப்பு; வெளியேறாத கழிவுதான் அந்த அரிப்பு. நோய் முத்தினதைத்தான் நாம குணமாயிடுச்சுன்னு கொண்டாடியிருக்கோம். அதை நினைச்சா எனக்கு இன்னும் ஆத்திரம் ஆத்திரமா வருது.

அதனால குமாரை விடல. பக்கத்து ஊரு பத்து காஜாவுல மீன்கறி சாப்பிடலாம்னு பொய் சொல்லிக் காருல ஏத்தி, நேரா கிளினிக்குக்குக் கொண்டு போயிட்டேன்.

"எல்லாத்துலயும் சந்தேகமா? நீ போலீஸ்ல சேர்ந்திருக்கலாம் லா"ன்னு கத்தினான்.

"கத்து, நல்லா கத்து. ரத்தத்தைக் குடுத்துட்டுக் கத்து"ன்னேன்.

இன்னிக்கு ரிசல்ட் வாங்கப் போனோம். கிட்னி பாதிக்கு மேல கெட்டிருக்கு. டயாலிசிஸ் இப்ப வேணாம், ஆனா கொதிப்பை அடக்கியே ஆகணும், கண்ட பொடியையும் தொடக்கூடாதுன்னு டாக்டர் கண்டிச்சுச் சொன்னாரு. இன்சுலினையும் அவரே அளந்து எழுதிக் குடுத்தாரு.

திரும்பி வரும்போது, வீடு நெருங்குறப்ப குமார் கேட்டான்: "அக்கா, பெரியண்ணனும் என்னை மாதிரிதான் சந்தோஷமா இருந்தாரா?"

"ஆமாடா"ன்னேன்.

அவன் குனிஞ்சு காலுறையைக் கழட்டினான். கணுக்கால் ரெண்டும் பொதபொதன்னு வீங்கிக் கிடக்கு. எத்தனை நாளா மறைச்சு வச்சிருந்தானோ! திட்டலாம்னு வாயெடுத்தேன், அழுகைதான் வந்துச்சு. காரைத் திருப்பி மறுபடியும் கிளினிக்குக்கே விட்டேன்.

அண்ணே, உங்களுக்குத் துணை வேணும்னு ஆசை இருந்தா அதை விட்டுடுங்க. இவனை அவ்வளவு லேசுல அங்க அனுப்ப மாட்டேன். இது சத்தியம்.

உங்க கொதிப்பை ஏத்தின தங்கச்சி,
செல்வி