புகை நேராக நின்ற அறை

இன்று செம்பூரில் ஒரு வீட்டுப் படுக்கையறையில் ஊதுபத்தி கொளுத்தினேன். நாம் சேர்ந்து வேலை பார்த்தபோது நீ வாங்குவாயே, அதே மட்டரக மல்லிகை வாசம்.

வீடு முழுவதற்கும் ஒரே ஏசி. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே குழாய் போட்டு அறை அறையாகக் காற்றைப் பிரித்துவிடும் ஏற்பாடு. எங்கே காற்று ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்க்க உனக்கு மீட்டரைவிட ஊதுபத்திதான் பிடிக்கும். புகை வளைந்தால் காற்று இருக்கிறது. நேராக நின்றால் இல்லை.

வீட்டு அம்மாள் வாசலில் நின்று பார்த்தார். "என்னப்பா, ரிப்பேருக்கு வந்துட்டு பூஜை பண்றே?"

"காத்து எப்படிப் போகுதுன்னு பாக்கேன் மேடம்."

"மத்த ரூமெல்லாம் ஜில்லுன்னு இருக்கு. இங்க மட்டும் மூச்சு முட்டறது."

காற்று திரும்பிப் போகும் கிரில் அழகாக இல்லையாம். அதை மறைத்து ஆளுயர அலமாரியை நிறுத்தியிருந்தார்கள். வந்த காற்றுக்கு வெளியேற வழியில்லை. அலமாரியை நகர்த்தினேன். கதவின் அடியை இழைத்து விரலளவு இடைவெளி விட்டேன். புகை வளைந்து கிரிலுக்குள் ஓடியது. அம்மாளுக்கு மகிழ்ச்சி. உடனே செருப்பு வைக்கும் சின்ன அறையைத் திறந்து காட்டினார். "மழைக்காலத்துல ஷூவெல்லாம் பூஞ்சை பிடிக்கறது. இதுக்கும் கொஞ்சம் காத்து விடேன்."

விட்டேன். செருப்புக்குக் காற்று வந்துவிட்டது, மக்கா. உனக்கு வரவில்லை.

தாராவியில் உங்கள் வீட்டை இடித்துவிட்டு, தேவ்நார் பக்கம் ஒரு கட்டடத்தில் இடம் கொடுத்தபோது, ஜன்னல் வைத்த ரூம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாய். பால் காய்ச்சிய அன்று சாமி படத்துக்கு முன்னாலிருந்த ஊதுபத்தியை உருவிக்கொண்டு நீ ஜன்னலுக்கு ஓடினாய்.

"ஏலே, சாமி பத்தியத் தூக்கிட்டு எங்கல போற?" என்று உன் அம்மா கத்தினார்.

"இருங்கம்மா, சாமிக்கும் காத்து வேணும்லா."

எல்லோரும் சிரித்தோம். புகை நேராக நின்றது. ஜன்னலைத் திறந்தால் கையெட்டும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர். கீழே நாறும் குப்பை. நீ கதவைத் திறந்து நடைபாதைக்குப் போனாய். அதன் கோடியில் காற்றுக்காக ஓட்டை ஓட்டையாக விட்டிருந்த ஜாலிச் சுவரை பிளைவுட் பலகையால் அடைத்து, அங்கே தன் உடைந்த சாமான்களைப் போட்டு வைத்திருந்தார் கட்டடத்தை நிர்வகிக்கும் சொசைட்டியின் சேர்மன். காற்று ஒரு பக்கம் வந்தாலும் மறுபக்கம் போக முடியாது. இன்றைக்கு நான் நகர்த்திய அலமாரியும் அந்தப் பலகையும் செய்வது ஒரே வேலைதான்.

நீ முறையாகத்தான் கேட்டாய். கமிட்டிக்கு மனு கொடுத்தாய். "ஏசிக்காரனுக்குக் காத்துக்கு என்னப்பா குறை? கம்பெனிலேந்து ஒரு டப்பால பிடிச்சிட்டு வா" என்றார் சேர்மன். அடுத்த மீட்டிங்கில் பேசலாம் என்றார்கள். அடுத்த மீட்டிங் வரவேயில்லை. இருமல் வந்தது.

காற்றோட்டமான அறையில் படுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். "அந்த மருந்து எந்தக் கடையில கெடைக்கும்னு கேளுல" என்றாய். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவில்லை. டாக்டர் தலையைத் திருப்பிக்கொண்டார். அவர்தான் என்ன செய்வார்? அந்தக் கட்டடத்திலிருந்து வருகிற எல்லோரிடமும் அவர் அதையே சொல்ல வேண்டியிருக்கிறது.

உன்னைக் கிடத்தியிருந்தபோது தலைமாட்டில் கொத்தாக ஊதுபத்தி எரிந்தது. எல்லோரும் உன் முகத்தைப் பார்த்து அழுதார்கள். நான் புகையைப் பார்த்தேன். ஒரு நூலைத் தொங்கவிட்டதுபோல கூரைவரை நேராக நின்றது. உன்னைக் கொன்றது காசநோய்க் கிருமி என்று சான்றிதழில் எழுதினார்கள். பிளைவுட் என்று எழுதுவதற்கு அதில் இடமில்லை.

இப்போது அந்த இடத்தில் உன் தங்கை படுக்கிறாள். சில நாட்களாக அவளும் இருமுகிறாள். கேட்டால், "தூசிண்ணே" என்கிறாள். சளிப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை.

செம்பூர் வேலை முடிந்ததும் பையோடு நேராக அங்கே போனேன். யாரிடமும் கேட்கவில்லை. பலகையைக் கழற்றத் தொடங்கினேன். சேர்மன் ஓடி வந்தார்.

"ஏய், யாரைக் கேட்டுக் கழட்டுற? சொசைட்டி பிராப்பர்ட்டி! போலீஸைக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க. வர்றவனும் மூச்சு விடுறவன்தான?"

கதவுகள் திறந்தன. பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். உன் அம்மா மட்டும் வெளியே வந்தார். பலகைக்குப் பின்னால் கிடந்த கால் உடைந்த நாற்காலியைத் தூக்கிப்போய் சேர்மன் வீட்டு வாசலில் வைத்தார். திரும்பி வந்து அடுத்த சாமானைத் தூக்கினார்.

பிறகு நீ படுத்திருந்த இடத்தில் உட்கார்ந்து ஊதுபத்தி கொளுத்தினேன். புகை முதலில் நேராகத்தான் நின்றது. உன் தங்கை ஜன்னலை அகலத் திறந்தாள். குப்பை நாற்றம் உள்ளே வந்தது. அப்புறம் புகை லேசாக நடுங்கி, கதவைப் பார்த்துச் சாய்ந்தது.

"அண்ணே, போவுது" என்றாள். சொல்லிவிட்டு இருமினாள்.

இவ்வளவுதான் வேலை. ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். நீ அனுமதிக்காகக் காத்திருந்தாய். நாளை அவர் பலகையைத் திரும்ப அடிப்பார் என்று எனக்குத் தெரியும். இந்தக் காற்று அவளுக்கு நேரத்தோடு வந்ததா, உனக்குப் போலவே பிந்திவிட்டதா, அது எனக்குத் தெரியாது.

கழற்றிய ஸ்க்ரூக்களைக் கொடுக்காமல் வந்துவிட்டேன். நீ விட்டுப்போன ஊதுபத்திப் பாக்கெட்டோடு அவை என் பையில் கிடக்கின்றன. நாளை மாலையும் ஸ்க்ரூடிரைவரோடு அந்த நடைபாதை வழியாகத்தான் போவேன்.