மலையில் வெடிப்பு இருக்கிறது என்று சொன்னதற்கு

கண்டி,
ஞாயிறு பின்னேரம்.

அன்பு மகள் நதீஷாவுக்கு அப்பா எழுதுவது,

நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்தக் குளிர் நாட்டில் நேரத்துக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மா ஒவ்வொரு பூசையிலும் மாதாவிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவளுடைய முழங்கால் வலி முன்னைக்குப் பரவாயில்லை. தம்பி கிஷான் போன கிழமை கொழும்பிலிருந்து வந்து குசினிக் கூரையின் ஒழுக்கை அடைத்துவிட்டுப் போனான். இங்கே விடாமல் மழை. இந்தக் கடிதத்தை, என் வழக்கைப் பேசிய சட்டத்தரணி பஹ்மியின் தங்கை ரிப்கா லண்டனுக்கு வரும்போது கொண்டுவருவார், கூடவே அம்மா வறுத்துத் திரித்த மிளகாய்த்தூளும் வருகிறது, இரண்டு போத்தலையும் பக்கத்து அறைக்காரிகளுக்குக் கொடுத்து முடித்துவிடாதே.

நம்முடைய பல்கலைக்கழகத்தில், என் பீடத்திலேயே, விரிவுரையாளர் வெற்றிடம் ஒன்று விளம்பரமாகியிருக்கிறது, படிப்பு முடிந்ததும் வந்து விண்ணப்பிக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். அம்மாவுக்கு அதைக் கேட்டதிலிருந்து நிலைகொள்ளவில்லை, வரச் சொல்லுங்க வரச் சொல்லுங்க என்று என்னைத் துளைக்கிறாள். நான் பதில் சொல்லுமுன் எனக்கு நடந்ததை நீ முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும். போனில் ஒன்றும் பேச வேண்டாம், வாட்ஸ்அப்பில் ஒரு சொல்லும் எழுத வேண்டாம் என்று பஹ்மி சொல்லியிருந்ததால் நீ கேட்டபோதெல்லாம் பிறகு சொல்கிறேன் என்றே தட்டிக்கழித்தேன். இப்போது வழக்கு முடிந்துவிட்டது.

ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே உள்ள சரிவில் நானும் தியாகராஜாவும் மாணவர்களோடு அளவெடுத்தது உனக்குத் தெரியும். தியாகராஜாவை உனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும், என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன், உன் உறுதிப்பூசுதலுக்குக் கேக் கொண்டுவந்தவன். சரிவில் நிலம் வெடித்திருந்தது, ஒவ்வொரு முறை போகும்போதும் வெடிப்பு அகன்றிருந்தது, கீழே ஊற்றுத் தண்ணீர் சேறாக வரத் தொடங்கியிருந்தது. அந்த மேல் நிலத்தில்தான் ஒரு கம்பனி உல்லாச விடுதி கட்டப் போகிறது, அதே கம்பனியோடு பல்கலைக்கழகம் ஏதோ ஒப்பந்தம் எழுதப் போகிறது. அறிக்கையைக் கொடுத்தபோது பீடாதிபதி அதை மேசை லாச்சியில் வைத்துவிட்டு, ஒப்பந்தம் முடியும்வரை இது வெளியே போகக் கூடாது வின்சன்ட் என்றார். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை, வந்துவிட்டேன்.

பிறகு மழை பிடித்தது. அந்த லயத்தில் இருக்கிற சதீஸ்குமார், எங்களுக்கு வழிகாட்டிக்கொண்டு மலையேறிய பொடியன், எனக்குப் போன் எடுத்தான். "சேர், புள்ளைங்கள வச்சிக்கிட்டு இருக்கோம், இருக்கலாமா போகணுமா, அத மட்டும் சொல்லுங்க" என்றான். நான் என்ன சொல்ல வேண்டும் நதீஷா. அளவெடுத்தவன் நான். போங்க என்றேன். தான் சொன்னால் ஆட்கள் கேட்க மாட்டார்கள், நீங்களே வந்து சொல்லுங்கள் என்றான், அடுத்த நாளே போய்த் தோட்டப் பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் வைத்து வெடிப்பு எவ்வளவு, தண்ணீர் எங்கே போகிறது என்று சொன்னேன். யாரோ படம் பிடித்தார்கள், பத்திரிகைக்காரர் ஒருவர் கேட்டார், அவருக்கும் அதையே சொன்னேன். சனம் லயத்தை விட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது. மழை பெய்தது, பெய்தது, பிறகு விட்டது. மலை விழவில்லை.

அதுதான் எல்லாவற்றுக்கும் காரணமாகிவிட்டது. சனம் திரும்பிப் போனபோது சிலருடைய ஆடு களவு போயிருந்தது, வேலைக்குப் போகாத நாளுக்குத் தோட்டத் துரை பேர் போடாததால் சம்பளமும் இல்லை, அந்தச் சேர் பயங்காட்டினாரு என்று என்னைத்தான் ஏசினார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கம்பனி பல்கலைக்கழகத்துக்கு முறையிட்டது. என்னைப் பணியிலிருந்து இடைநிறுத்தினார்கள். அனுமதியில்லாமல் ஊடகத்துக்குக் கருத்துச் சொன்னது, இரகசிய அறிக்கையை வெளியிட்டது, மக்களைப் பீதிக்குள்ளாக்கியது, நிறுவனத்தின் பெயரைக் கெடுத்தது என்று குற்றப்பத்திரம் வந்தது. அம்மா அதை வாசித்துவிட்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபமாவது வரும் என்று இருந்தேன், அதுவும் வரவில்லை, பிடரி மட்டும் மரத்துப் போனதுபோல் இருந்தது. இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

விசாரணையில் பஹ்மி நன்றாகவே பேசினார். அரசாங்க உத்தியோகத்தர் தன் கந்தோர் விஷயத்தை வெளியே பேசக் கூடாது என்ற விதி வேறு, விரிவுரையாளர் தான் ஆராய்ந்து கண்டதைச் சொல்வது வேறு, அதைச் சொல்லத்தானே இவரை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். விசாரணை அதிகாரி ஓய்வுபெற்ற பெரிய உத்தியோகத்தர், மரியாதையான மனிதர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னிடம், மலை விழவில்லைதானே என்றார். விழும் என்று நாள் குறித்துச் சொல்லவில்லை, விழக்கூடும் என்றுதான் சொன்னேன், இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன் என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

தியாகராஜாவைச் சாட்சிக்கு அழைத்தார்கள். வெடிப்பை அளந்த நாடாவின் மறு நுனியைப் பிடித்தவன் அவன். இந்த அளவுகள் உங்களுக்கு முன்னால் எடுக்கப்பட்டவையா என்று பஹ்மி கேட்டார். "எனக்குச் சரியா நினைவில்லை" என்றான். பேராசிரியர் பதவிக்கு அவனுடைய நேர்முகம் அப்போது வரவிருந்தது, அது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். பஹ்மி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் யன்னலுக்கு வெளியே ஒருவன் புல் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குற்றங்கள் நிரூபணமாகிவிட்டன என்று என்னை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

மேன்முறையீடு செய்தோம். ஆசிரியர் சங்கம் கூட நின்றது, அதை மறக்கக் கூடாது. கடைசியில் தீர்ப்பு நம் பக்கம் வந்தது, என்னைத் திரும்பச் சேர்க்கச் சொல்லிவிட்டார்கள். ஆனால் எதற்காக என்று கேள். குற்றப்பத்திரத்தில் கையெழுத்திட வேண்டியவர் இடவில்லையாம், அதனால் தொடக்கத்திலிருந்தே செல்லாதாம். விரிவுரையாளர் தான் கண்டதைச் சொல்லலாமா கூடாதா என்பதை இங்கே ஆராயத் தேவையில்லை என்று ஒரு வரியில் விட்டுவிட்டார்கள். வென்றுட்டோம் சேர் என்று பஹ்மி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார், அந்த மனிதருக்காகச் சிரித்தேன். வரும் வழியில் பாண் வாங்கிக்கொண்டு வந்தேன். அம்மா கேட்டாள், என்னங்க ஒன்னுமே சொல்லாம சப்பாத்தக் கழட்டுறீங்க என்று. அப்போதுதான் அவளிடம் சொல்லவில்லை என்பதே நினைவுக்கு வந்தது.

தியாகராஜா வீட்டுக்கு வந்தான். இப்போது பேராசிரியர். அம்மா உள்ளே போய்விட்டாள், நான்தான் தேத்தண்ணி போட்டேன். மழையைப் பற்றிப் பேசினோம், அவனுடைய கண் சத்திரசிகிச்சையைப் பற்றிப் பேசினோம். எழும்பும்போது, வின்சன்ட் எனக்கு கட்டிக்கொடுக்க இரண்டு குமர்ப் பிள்ளைகள் இருக்கு என்றான். தெரியும் என்றேன். குடை கொண்டுவந்திருக்கவில்லை, என்னுடையதைக் கொடுத்தேன்.

சதீஸ்குமார் மட்டும் லயத்துக்குத் திரும்பவில்லை. மனைவி பிள்ளைகளோடு நாவலப்பிட்டிக்குப் போய் மச்சானுடைய கடையில் நிற்கிறான். சேர் எங்களாலதானே ஒங்களுக்கு இப்பிடி என்று போனில் கேட்டான். இல்லை தம்பி, மலையால் என்றேன். மற்ற எல்லாரும் அந்த மலைக்குக் கீழேதான் இருக்கிறார்கள், இதை எழுதும்போதும் மழை பெய்துகொண்டிருக்கிறது.

வேலைக்குத் திரும்பினேன். மண்சரிவுப் பாடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள், எனக்கு முதலாம் வருடத்துக்கு வரைபட வாசிப்பு. வெளிக்களம் போவதென்றால் பீடாதிபதியின் எழுத்து அனுமதி வேண்டுமாம். முதல் வகுப்பில் சமவுயரக் கோடுகளைக் கீறிக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளை எழும்பி, சேர் ஹேவாஹெட்ட மலை விழுமா என்று கேட்டாள். பின் வரிசையில் ஒருவன் போனை நிமிர்த்திப் பிடித்தான். அதையும் பார்த்தேன். பார்த்துக்கொண்டே வெடிப்பின் அகலத்தையும் தண்ணீர் போகும் பாதையையும் பலகையில் கீறி, எனக்குத் தெரிந்தது இவ்வளவு, விழக்கூடும், அங்கே ஆட்கள் இருக்கக் கூடாது என்று சொன்னேன். துணிச்சல் என்று நினைத்துவிடாதே, நெஞ்சு படபடக்கக்கூட இல்லை. கேட்டாள், தெரிந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை பீடாதிபதியின் கந்தோரிலிருந்து ஒருவர் வந்து, திங்கட்கிழமை காலையில் அவரைச் சந்திக்கச் சொல்லிவிட்டுப் போனார். நாளைக்குப் போகிறேன். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

ஆகவே மகள், வா என்றும் சொல்ல மாட்டேன், வராதே என்றும் சொல்ல மாட்டேன். சட்டம் உன்னைக் காப்பாற்றும் என்று நம்பி வராதே, அது என்னைக் காப்பாற்றியது ஒரு கையெழுத்து விடுபட்டதால். சம்பளத்துக்காகவோ எங்களைப் பார்த்துக்கொள்வதற்காகவோ வருவதென்றாலும் வேண்டாம், எங்களுக்குக் கிஷான் இருக்கிறான். நீ வந்தால் உன் வகுப்பிலும் ஒரு நாள் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்கும். அப்போது நீ அளந்தது உனக்கு நினைவிருக்குமா இல்லையா என்பதை அங்கிருக்கும்போதே யோசித்துப் பார்த்துவிட்டு விண்ணப்பத்தை நிரப்பு.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. பெரிய வெள்ளிக்காவது கோயிலுக்குப் போகச் சொல்லி அம்மா சொல்கிறாள். தேவன் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உன் தலையில் கை வைத்ததாக நினைத்துக்கொள். ரிப்காவிடம் போத்தல்களை வாங்கியதும் அம்மாவுக்கு ஒரு போன் எடு.

இப்படிக்கு
உன் அப்பா
வின்சன்ட்