பின்வரிசை அன்னாசிகள்

இயேசு மரி சூசை

கிள்ளான்,
24 ஏப்ரல் 2025

அன்பு மகள் கிளாரிசாவுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் சொல்லாமல் வந்து சொல்லாமல் போகிறது. அடிலெய்டில் குளிர் தொடங்கிவிட்டதாமே, ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகாதே.

இந்தக் கடிதத்தையும் அன்னாசி அளவுகள் எழுதிய நோட்டையும் ஞாயிற்றுக்கிழமை அங்கே வரும் மாதவியிடம் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ "பரவாயில்லப்பா" என்று வைத்துவிடுவாய். அதை என்னால் தாங்க முடியாது.

விஷயம் இதுதான். இந்தப் புது அன்னாசி ரகம் வறட்சி தாங்காது என்று அடுத்த மாதம் பேராசிரியருக்கு அறிக்கை அனுப்பப்போவதாகச் சொன்னாய். அனுப்பாதே. தப்பு செடியுடையது இல்லை, என்னுடையது.

நீ போகும்போது பன்னிரண்டு தொட்டிகளை என்னிடம் ஒப்படைத்தாய். முன்வரிசை ஆறுக்குத் தண்ணீர் உண்டு, பின்வரிசை ஆறுக்குச் சொட்டுக்கூடக் கிடையாது. காலை ஆறு மணிக்கு, வெயில் வருமுன், இலைத் துண்டை நசுக்கிச் சாற்றை நீ தந்த புளிப்புச் சோதனைக் காகிதத்தில் தொட வேண்டும். ஆரஞ்சு என்றால் புளிப்பு, மஞ்சள் என்றால் புளிப்பு குறைவு. காரணமும் சொன்னாய். அன்னாசி பகலில் இலைத் துளைகளை மூடித் தண்ணீரைக் காத்துக்கொள்ளும். இரவில் திறந்து காற்றை வாங்கி, புளிப்பாகச் சேர்த்து வைக்கும். வெயில் ஏற ஏற அதை எடுத்துச் செலவழிக்கும். தண்ணீர் இல்லாமலும் காலையில் ஆரஞ்சு காட்டினால் அது வறட்சி தாங்கும் ரகம். நானும் பெரிதாகத் தலையாட்டினேன்.

முதல் மூன்று வாரம் ஒழுங்காகத்தான் செய்தேன். அம்மா அரிசி கழுவின தண்ணீரோடு பின்வரிசைப் பக்கம் போனால் விரட்டினேன். "பாவம் லா, அதுவும் உயிர்தானே" என்று முனகுவாள். சாம்பல் புதனிலிருந்து தினமும் ஆறரைப் பூசைக்குப் போக ஆரம்பித்தேன். தண்ணீர் ஊற்றும் கையோடு முன்வரிசையைச் சோதித்துவிடுவேன். பின்வரிசைக்கு நேரம் இருக்காது. பூசை முடிந்து, வேலாயுதத்தோடு கோப்பி குடித்துக் கதை பேசி, பத்து மணிக்கு வந்து அதைப் பார்ப்பேன். காகிதம் மஞ்சளாக இருக்கும். நோட்டில் "காலை 6" என்றே எழுதினேன், போனில் உனக்கும் அப்படியே சொன்னேன். கட்டத்தில் நீ அப்படித்தானே அச்சடித்திருந்தாய் என்று எனக்கு நானே சமாதானம் வேறு. முப்பத்திரண்டு வருடம் ரயில்வேயில் வண்டி வந்த நேரத்தை எழுதியவன் நான். பிந்தி வந்த வண்டியை நேரத்துக்கு வந்ததாக ஒரு நாளும் எழுதியதில்லை.

ஈஸ்டருக்கு மறுநாள் வீட்டில் இருந்தேன். ஆறு மணிக்கே பின்வரிசையையும் சோதித்தேன். ஆறு காகிதமும் ஆரஞ்சு! நம்பாமல் ஒரு துண்டை மென்று பார்த்தேன், புளியங்காய் தோற்றது. பத்து மணிக்கு மறுபடி பார்த்தால் மஞ்சள்.  இரண்டு மாதம் தண்ணீர் இல்லாமல் இலை சுருண்டும், அந்தச் செடிகள் இரவெல்லாம் தம் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கின்றன. எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு பானையைத் திறந்து பார்த்துவிட்டு, இந்த வீட்டில் சமைக்கவே இல்லை என்று எழுதி வைத்திருக்கிறேன்.

அம்மா கேட்டுவிட்டு, "பிள்ளகிட்ட மறைக்காதீங்க, அவ பேரு போயிடும்" என்றாள். தவறான நாட்களையெல்லாம் சிவப்பு மையில் "காலை 10" என்று திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்த நான்கு நாளின் சரியான அளவுகள் கடைசிப் பக்கத்தில். தப்பு என் அப்பாவுடையது என்று பேராசிரியருக்கு எழுது, வெட்கப்படாதே. கோபம் வந்தால் கூப்பிட்டுத் திட்டு.

அப்பாவுக்கு ஏன் திடீரென்று தினப் பூசை என்று நீ கேட்கவில்லை. பிப்ரவரியில் ஒரு நாள், படிப்பை முடிக்க முடியாது போல இருக்கிறது என்று போனில் அழுதாயே, அன்றைக்கே உனக்காகத் தவக்காலம் முழுவதும் பூசை பார்ப்பதாக நேர்ந்துகொண்டேன். அந்த நாட்கள்தான் இப்போது சிவப்பு மையில் இருக்கின்றன.

ஆண்டவர் உன்னை எல்லாத் தீமையிலிருந்தும் காக்கட்டும், என் கையிலிருந்தும் காக்கட்டும். இனி காலை ஆறு மணிக்கு, பின்வரிசைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றே உனக்காகச் செபிப்பேன்.

உன் அப்பா,
டொமினிக்