இடப்பக்கத்து லூவர்கள்

ஜூன் 8, ஞாயிறு

ரோஹன் திருடன். சந்தேகம் இல்லை. அதனால் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன்.

காலையிலிருந்து மேகம், மழை இல்லை, புழுக்கம். சர்ச் முடிந்து மாடல் கிளப்பின் மாதக் கூட்டம். ரோஹன் தன் காரைக் கொண்டுவந்திருந்தான். அவனும் நானும் செய்வது ஒரே கார்: முப்பதுகளில் ஓடிய ஒற்றை இருக்கைப் பந்தய வண்டி, பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு. கடையில் வாங்கும் கிட்டில் வரும் பானெட் சோப்புக்கட்டி மாதிரி மொழுமொழு. நிஜ வண்டியில் இரண்டு பக்கமும் லூவர்கள் இருக்கும். எஞ்சின் சூடு வெளியேற, தகட்டிலேயே தூக்கிவிட்ட பிளவுகள், வரிசை வரிசையாக.

அவற்றை நான் செய்தேன். கூல்டிரிங்க்ஸ் டப்பாவை வெட்டி நிமிர்த்தி, நான் வேலை பார்க்கும் டென்டல் லேபில் ஒடிந்துபோன ஊசிக் கருவியைத் தேய்த்துக் கூராக்கி, தகட்டை ஒரு அச்சின் மேல் வைத்து ஒவ்வொன்றாக அழுத்தி. பாதித் தகடு கிழிந்து குப்பைக்குப் போனது. கோடை முழுக்க இதே வேலை.

போன மாதம் சர்ச் முடிந்து ரோஹன் வீட்டுக்கு வந்தான். அம்மா கேக் கொடுத்தாள். "ஜெனி, இந்த ரெண்டு பேனலையும் எடுத்துட்டுப் போறேன். நெக்ஸ்ட் சண்டே தரேன். கிட்ட வச்சுப் பாக்கணும்." கொடுத்தேன். அடுத்த ஞாயிறு டிஷ்யூவில் சுற்றித் திருப்பித் தந்தான். பத்திரமாக வைத்திருந்ததற்கு நன்றி வேறு சொன்னேன்.

இன்று அவன் பானெட்டில் என் லூவர்கள். ஸ்கேன் செய்து, 3D பிரிண்டரில் எடுத்து, மேலே வெள்ளிப் பெயின்ட்.

கிளப்பை நடத்தும் சுதீர் குனிந்து பார்த்துவிட்டு, "க்யா ஹாத் ஹை மியான்!" என்று அவன் கைத்திறனை மெச்சிக் கையைப் பிடித்துக் குலுக்கினார். இது கை வேலை இல்லை என்று ரோஹன் சொல்லவில்லை. சிரித்தான்.

அடுத்த ஞாயிறு கண்காட்சி. 'முழுக்கக் கையால் செய்த பாகங்கள்' பிரிவில் இருவரும்.

அம்மாவிடம் சொன்னேன்.

"ஹவ், அந்தப் பிள்ள உன்னப் பாத்துச் செஞ்சா உனக்குப் பெருமதானட்டி?"

"பெருமைய வச்சு என்னம்மா செய்ய?"

"அப்ப டேபிளயாவது காலி பண்ணு. தட்டு வைக்க இடமில்ல."


ஜூன் 9, திங்கள்

லேபில் பல் கேப் வேலை குவிந்து கிடக்கிறது. முன்பல் ஒன்று நன்றாக வந்தது. ஓரத்தில் லேசான மஞ்சள், பக்கத்துப் பல்லோடு ஒட்டிப்போகும்படி. அது போய் யார் வாயிலோ உட்காரும். "டாக்டர் அருமையா செஞ்சிருக்கார்" என்பார்கள். பழகிவிட்டது. அது சம்பளத்துக்குச் செய்வது. கார் சம்பளத்துக்கு இல்லை.

ரோஹனிடம் இருப்பவை: ஐடிக்காரர்கள் இருக்கும் மாதாப்பூரில் பிளாட். மாடலுக்கென்றே தனி அறை. ஏசி. பெயின்ட் அடிக்கக் கண்ணாடிப் பெட்டி. வீட்டிலிருந்தே வேலை, நடுவில் எழுந்து போய் உப்புத்தாள் தேய்க்கலாம்.

என்னிடம் இருப்பவை: சாப்பாட்டு மேஜையில் ஒரு மூலை, அதுவும் அம்மா தயவில்.

பொறாமைதான். பொறாமை என்பதால் அவன் திருடன் இல்லை என்று ஆகாது.


ஜூன் 10, செவ்வாய்

மழை. லேபுக்கு நனைந்துகொண்டே போனேன்.

மதியம் கிளப் குரூப்பில் சுதீர் போட்ட படங்கள். எல்லாம் ரோஹனின் கார். பெரிதாக்கிப் பார்த்தேன், குறை தேடத்தான். கிடைத்தது! இடப்பக்க லூவர்கள் முன்னால் பார்த்துத் திறந்திருக்கின்றன. பின்னால் திறந்தால்தான் சூடு வெளியே போகும். வலப்பக்கம் சரி. இடப்பக்கம் எதிர்க்காற்றைக் குடிக்கிறது. முட்டாள். டிபனைப் பாதியில் வைத்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து என்னுடையதை எடுத்தேன்.

என்னுடையதும் அப்படித்தான்.

தகடுகளை எதிரெதிர் வடிவத்தில் சரியாகத்தான் வெட்டியிருக்கிறேன். அழுத்தும்போது மட்டும் இரண்டையும் ஒரே அச்சில் ஒரே பக்கமாக வைத்துவிட்டேன். ஆக, இரண்டுமே வலது. லேபில் இடது கடைவாய்க்கு வலதைச் செய்தால் அன்றே வீட்டுக்கு அனுப்புவார்கள். அங்கே ஒருநாளும் செய்யாத தப்பு.

அவன் என் தப்பையும் சேர்த்து எடுத்திருக்கிறான். அது தப்பு என்று அவனுக்குத் தெரியாது. செய்தவளுக்கே தெரியவில்லை.


ஜூன் 12, வியாழன்

லீவு போட்டு ரோஹன் பிளாட்டுக்குப் போனேன். கையில் டிபன் பை. வாசல் செக்யூரிட்டி டெலிவரிக்காரி என்று நினைத்து, இங்கே எதற்கு என்று மறித்தான்: "இதர் கைக்கு? டெலிவரி லிஃப்ட் பீச்சே." பின்னால் போய்க் குப்பை வண்டியோடு ஏறினேன். திரும்பும்போது முன் லிஃப்டில் இறங்கி, அந்தச் செக்யூரிட்டி முன்னாலேயே நடந்து வெளியே வந்தேன்.

ரோஹனின் அறையில் வெளிச்சம். அவ்வளவு வெளிச்சம். மேஜையில் ஒரு துளி பசை இல்லை.

"ஸ்கேன் பண்ணினியா?"

"பண்ணினேன். அதுக்கென்ன? நீயும் பழைய போட்டோ பாத்துத்தானே செஞ்ச? போட்டோ எடுத்தவன் வந்து உன்னத் திருடின்னானா?"

லிஃப்டில் இறங்கும்போதுதான் பதில் வந்தது: போட்டோ தகட்டை அழுத்தாது. அழுத்தியது நான்.

அங்கே கேட்டது ஒன்றுதான். "மாடல் பக்கத்துல கார்டு வைப்பல்ல? அதுல 'லூவர் ஜெனி செஞ்சது'ன்னு எழுது. வேற எதுவும் வேண்டாம்."

"அதெல்லாம் யார் படிக்கிறா ஜெனி? பாக்கலாம்." பிறகு பிரிண்டரில் எடுத்த ஒரு சக்கரத்தை நீட்டினான். கம்பிகள் எல்லாம் முடி மாதிரி மெல்லிசு. "உனக்கும் நாலு எடுத்துத் தரவா? எதுக்கு ஸ்போக்கக் கையால கட்டிக் கட்டிச் சாகற?"

நக்கோ, வேண்டாம் என்றேன். சக்கரம் அழகாக இருந்தது. வேண்டும்போல் இருந்தது. அதுதான் இன்னும் எரிகிறது.

இடப்பக்கத்தைப் பற்றி அவனிடம் மூச்சுவிடவில்லை. ஏன் அவனுக்குத் திருத்திக் கொடுக்க வேண்டும்?


ஜூன் 14, சனி

புது இடப்பக்கத் தகடு. பழைய டப்பாக்கள் தீர்ந்துவிட்டன, புதிதாகக் கூல்டிரிங்க்ஸ் வாங்கினேன். அம்மாவைக் குடிக்கச் சொன்னேன். "சுகர் இருக்குட்டி எனக்கு!" நானே குடித்தேன். வயிறு உப்புசம்.

அச்சைத் திருப்பிவைத்து அழுத்தினேன். முதல் தகடு கிழிந்தது. அடுத்தது நின்றது. சரியாக, பின்னால் பார்த்து. பழையதைவிட நன்றாக.

யோசனை: பழைய தகட்டோடு போனால் ரோஹன் திருடியதற்குச் சாட்சி, ஆனால் என் கார் தப்பு. புதியதோடு போனால் கார் சரி, சாட்சி இல்லை.

புதியதை ஒட்டிவிட்டேன். தப்பான காரைக் கொண்டுபோய் வைக்க மனசு வரவில்லை. பழையதை லேபில் பல் அனுப்பும் சின்ன டப்பாவில் போட்டுக் கைப்பைக்குள்.


ஜூன் 15, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. அம்மா கோபத்தோடு தனியாகப் போனாள்.

ரோஹனின் கார் என் காருக்குப் பக்கத்து மேஜையில். அவன் கார்டில்: 'அனைத்துப் பாகங்களும் கையால்: ரோஹன்.' இங்கிலீஷில், நல்ல கெட்டி அட்டை.

முதல் பரிசு அவனுக்கு. எனக்கு எதுவும் இல்லை. அதைக்கூடப் பொறுத்திருப்பேன்.

சுதீர் இரண்டு கார்களையும் மாறி மாறிப் பார்த்தார். என்னைக் காட்டி ரோஹனிடம் இந்தியில் கேட்டார்: இவங்க உங்களப் பாத்துத்தான் கத்துக்கிட்டாங்களா? நல்லாத்தான் இருக்கு, ஒரு பக்கம் மட்டும் உங்களோடதிலிருந்து மாறிப்போச்சு.

ரோஹன் என்னைப் பார்த்தான். "ஒண்ணாத்தான் செய்வோம், சார்" என்றான். அவ்வளவு தாராளம்.

டப்பாவைத் திறந்தேன். பழைய தகட்டை எடுத்து அவன் காரின் இடப்பக்கத்தில் வைத்தேன். பிளவுக்குப் பிளவு ஒட்டிக்கொண்டது. மேல் வரிசையில் ஊசி வழுக்கிக் கோணலான ஒன்று, அதுவும் அங்கேயே இருந்தது.

"சார், இது என் தப்பு. ரெண்டு தகட்டையும் வலதாவே அழுத்திட்டேன். முன்னாடி பாத்துத் திறக்குது, பாருங்க. நான் திருத்திட்டேன். இவன் காரில் எப்படி வந்ததுன்னு இவனையே கேளுங்க."

சுதீர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு குனிந்தார். நிமிரவே இல்லை. ரோஹன் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் நாடாவை விரலில் சுற்றினான், அவிழ்த்தான், சுற்றினான்.

அவனுடைய கெட்டி அட்டையை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். என் பேனாவை நீட்டினேன்.

"இப்ப எழுது ரோஹன். லூவர் யார் செஞ்சதுன்னு எழுது."